மடைக்கல்லின் ஏழாவது கோடு

பிப்ரவரி 3, செவ்வாய்

உரக்கடைக்காரர் கொடுத்த டைரி ஜனவரி முழுக்க வெள்ளையாகவே கிடந்தது. எழுதும்படி எதுவும் நடக்கவில்லை. இன்று நடந்துவிட்டது. என் பெயர் அச்சில் வந்திருக்கிறது.

கல்யாணப் பத்திரிகையில் தாய்மாமன் என்று வருவதெல்லாம் சேர்த்தியில்லை. இது புத்தகம். முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கம், கெட்டி அட்டை. என் அக்கா மகள் சுகந்தி எழுதியது. ‘நீரும் முறையும்: பாளையக்காரர் காலத்தில் ஒரு கண்மாய்’. ஒரு கண்மாய் என்றால் நம் நெடுமடைக் கண்மாய்தான். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில், அடியில், பொடி எழுத்தில்: ‘தகவல்: திரு. சோணைமுத்து, ஒலிபெருக்கி நிலைய உரிமையாளர், நெடுமடை.’

“மருந்து அட்டையிலகூட இதவிடப் பெருசாப் போடுவாக” என்றாள் பஞ்சவர்ணம். கட்டிய மனைவி. படித்தவர்கள் முக்கியமானதை எல்லாம் அடியில்தான் போடுவார்கள் என்று விளக்கினேன். அஸ்திவாரம் அடியில்தானே இருக்கும்?

விஷயம் இதுதான். கண்மாயின் மடைக்குப் பக்கத்தில் ஒரு கல் நிற்கிறது. அதில் ஏழு கோடுகள். ஆறு கோடு ஆறு பங்காளிகளுக்கு. யார் வயலுக்கு யாருக்குப் பின் தண்ணீர் பாயும் என்ற முறை. ஏழாவது யாருக்கு? எட்டு வருஷத்துக்கு முன் சுகந்தி நோட்டும் கையுமாக வந்து, ஊரெல்லாம் கேட்டு, ஒருவருக்கும் தெரியாமல் முகம் வாடி உட்கார்ந்திருந்தாள். நான்தான் சொன்னேன். புருஷன் இல்லாமல் ஒற்றையாக நிற்கிற பொம்பளைக்கு அந்தக் காலத்தில் தனியாக ஒரு முறை உண்டு, அதற்கு ‘ஒத்தைக்காரி முறை’ என்று பெயர் என்று. நான் சொன்னது மூன்று வரி. அவள் நாற்பது பக்கம் எழுதியிருக்கிறாள். அந்த அத்தியாயத்தைத்தான் எல்லோரும் புகழ்கிறார்களாம்.

சுகந்தி பன்னிரண்டு வருஷமாகக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் மட்டும்தான், வேலை வருஷா வருஷம் புதுப்பிக்க வேண்டும். இருபதாம் தேதி நிரந்தர வேலைக்கு நேர்காணல். கையில் கொண்டுபோவது இந்தப் புத்தகம். வயதும் முப்பத்தேழு ஆகிவிட்டது, இதை விட்டால் அடுத்தது எப்போதோ.

அதற்கு முன் பதினைந்தாம் தேதி மதுரையில் கூட்டம். பேராசிரியர் இருதயராஜும் ஒரு புதுப் புத்தகம் போட்டிருக்கிறார். அவர் இவள் புத்தகத்தைப் பற்றிப் பேச, இவள் அவர் புத்தகத்தைப் பற்றிப் பேச, ஒரே மேடை. மைக் யார்? சோணை சவுண்ட் சர்வீஸ்.

பிப்ரவரி 4, புதன்

பஞ்சவர்ணம் அந்த அத்தியாயத்தை உட்கார்ந்து படித்துவிட்டாள். “ஏங்க, ஏழாவது கோடா? அது நம்ம...”

“குழம்பு அடிப்பிடிக்குது பாரு” என்றேன்.

அடுப்பில் குழம்பு இல்லை.

பிப்ரவரி 7, சனி

தபாலில் இன்னொரு புத்தகம். இருதயராஜ் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறார். ‘மடையும் தீர்வையும்’. இதிலும் என் பெயர்! இரண்டு வரலாற்றாசிரியர்களின் புத்தகத்தில் பெயர் வந்த மைக்செட்காரன் தமிழ்நாட்டில் வேறு யாரும் இருக்க முடியாது. முதல் ஆறு பக்கத்தையும் என் பெயர் வருகிற பக்கத்தையும் படித்தேன். மற்றதைத் தட்டிப் பார்த்தாலே தெரிகிறது.

ஒரு சின்னச் சங்கடம். ஏழாவது கோடு பாளையக்காரருக்குக் கட்டிய தீர்வைக்கான அடையாளம் என்று நான் சொன்னதாக இவர் எழுதியிருக்கிறார்.

சொன்னேன்தான். மூன்று வருஷத்துக்கு முன் நான்கு மாணவர்களோடு வந்தார். மெஸ்ஸில் மட்டன் சுக்காவோடு சாப்பாடு வாங்கிக் கொடுத்தார். “அண்ணே, அந்த ஏழாவது கோடு தீர்வையா இருக்குமோ?” என்று கேட்டார். அவ்வளவு ஆசையாகக் கேட்கிற மனிதரிடம் என்ன சொல்வது? வீடு தேடி வந்தவரைத் ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லோடு திருப்பி அனுப்புவது எங்கள் ஊர் வழக்கமில்லை. தண்ணீர் கேட்டால் மோர் கொடுப்போம். “தீர்வைதான், எங்க பாட்டையா சொல்லுவாரு” என்றேன். அவர் ஒரு சின்னக் கருவியில் அதைப் பதிவு வேறு செய்துகொண்டார்.

இதில் என் தப்பு என்ன? ஒருவர் கேட்டதை இன்னொருவரும் வந்து கேட்பார், இரண்டு பேரும் புத்தகம் போடுவார்கள், அதுவும் ஒரே மாதத்தில், என்று எவன் கண்டான்? இந்தப் படித்தவர்களுக்கு ஒரு கல்லை விட்டால் வேறு கல் கிடையாதா?

பிப்ரவரி 9, திங்கள்

மடைக்கல்லைப் பார்த்து வந்தேன். ஆறு கோடுகள் தேய்ந்து, கையால் தடவினால்தான் தெரிகின்றன. படுக்கை வசத்தில் ஒன்றன்கீழ் ஒன்றாக ஒழுங்காக இருக்கின்றன. ஏழாவது மட்டும் புளியமரப் பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து, ஆழமாக, இளமையாக இருக்கிறது. என் கட்டைவிரல் அதில் கச்சிதமாக உட்காருகிறது.

உட்காராமல் என்ன செய்யும். எண்பத்தாறாம் வருஷம் பங்குனித் திருவிழாவில் அந்தக் கல்லுக்கு ஒரு சின்ன வேலை கொடுக்க வேண்டியிருந்தது. அப்போது அது சும்மா நின்ற கல். வரலாறாகும் என்று யாரும் நோட்டீஸ் ஒட்டவில்லை.

அந்தச் சாய்வுக்கு இரண்டு பேரும் காரணம் எழுதியிருக்கிறார்கள். சுகந்தி பதினொரு பக்கம், இருதயராஜ் ஒன்பது.

புளித்த மோரும் சாணியும் கலந்து கோட்டுக்குள் பூசினேன். பாசி பிடித்தால் கொஞ்சம் வயது கூடும். ஆடு மேய்க்கிற ராக்கம்மா பார்த்துவிட்டாள்.

“என்ன மாமா, கல்லுக்கு எண்ணெய் தேச்சு விடுறீக? தீவாளியா?”

“இது தொல்லியல் வேலை. உனக்குப் புரியாது.”

“புரியாமத்தான் கேக்கேன். நாத்தம் தாங்கல.”

ஆடுகள் வந்து நக்கிவிட்டன.

பிப்ரவரி 11, புதன்

சுகந்தி போனில் பேசினாள். குரலில் அப்படி ஒரு துள்ளல். நாற்பது பக்கத்தில் அவளுக்குப் பிடித்த இடத்தை வாசித்துக் காட்டினாள். முந்நூறு வருஷத்துக்கு முன் எந்த ஆணின் பெயரையும் சொல்லாமல் ஒரு பெண் மடைமுன் வந்து நின்று, என் முறை என்று கேட்டு வாங்கியிருக்கிறாள் என்று. “நீங்க சொல்லலைன்னா இது யாருக்குமே தெரிஞ்சிருக்காது மாமா” என்றாள்.

சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். சிக்னல் சரியில்லை. (சிக்னல் நன்றாகத்தான் இருந்தது என்று பஞ்சவர்ணம் பென்சிலால் ஓரத்தில் எழுதியிருக்கிறாள். ஒரு மனிதனின் டைரியைப் படிக்கக்கூடாது என்று புத்தகம் படிக்கத் தெரிந்தவளுக்குத் தெரியவில்லை.)

புத்தகத்தின் முதல் பக்கத்தில் ‘அம்மா வெள்ளையம்மாளுக்கு’ என்று போட்டிருக்கிறது. என் அக்கா. செத்து நான்கு வருஷமாகிறது. ஊராருக்கு நூற்று எண்பத்தேழாம் பக்கத்தைக் காட்டும்போதெல்லாம் இதைத் தாண்டித்தான் போகவேண்டியிருக்கிறது. வேகமாகத் தாண்டிவிடுகிறேன்.

தொண்ணூற்றாறு மார்கழியில் அத்தான் இறந்தார். அடுத்த தையில் கண்மாய்த் தண்ணீருக்கு முறைப் பட்டியல் போட்டார்கள். ஊர் மந்தையில் நின்று மைக்கில் வாசித்தவன் நான். பட்டியலில் அக்கா வயல் இல்லை. மடையில் வந்து நிற்க ஆம்பளை இல்லாத வீடு என்று பெரியவர்கள் விட்டுவிட்டார்கள். பட்டியலில் இல்லாத பெயரை மைக்செட்காரன் எப்படி வாசிப்பான்? பயிர் காய்ந்தது. அக்கா வயலை விற்றுவிட்டு, மகளோடு மதுரைக்குப் போய் அப்பளக் கம்பெனியில் சேர்ந்தாள். அதனால்தானே மகள் படித்து டாக்டர் ஆனாள்? எல்லாம் நல்லதற்குத்தான்.

பிப்ரவரி 14, சனி

ஆம்ப்ளிஃபயர் கொர்ர் என்கிறது. பிரித்தால் உள்ளே பல்லி. மேடையில் ஐந்து பேர், என்னிடம் மூன்று மைக். எந்த அறிஞராவது மைக்கை விட்டுக்கொடுத்து யாராவது பார்த்திருக்கிறார்களா? மணமேடையில் மாலையைக்கூட மாற்றிக்கொள்வார்கள். மைக்கை மாற்ற மாட்டார்கள்.

பஞ்சவர்ணமும் வருகிறாளாம். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னேன். “நாற்பது பக்கமும் படிச்சவ நானு. நீங்க படிச்சீகளா?” என்கிறாள்.

பிப்ரவரி 15, ஞாயிறு

ஆயிரம் பேர். (நாற்பத்திரண்டு. அதில் இரண்டு பேர் டீ கொண்டு வந்தவர்கள் – பஞ்சவர்ணம்.)

மாடியில் ஒரு ஹால். தலைமை தாங்கிய பெரியவர் வரலாறு என்றால் என்ன என்று முக்கால் மணி நேரம் பேசினார். கடைசிவரை சொல்லவில்லை. அடுத்தவர் இரண்டு நூல்களையும் இன்னும் முழுதாகப் படிக்கவில்லை என்று சொல்லிவிட்டு அரை மணி நேரம் அவற்றைப் பற்றிப் பேசினார். என்னை அரைகுறை என்று சொல்கிற ஊர் இதை வந்து பார்க்கவேண்டும்.

பிறகு சுகந்தி எழுந்தாள். நீலச் சேலை. இருதயராஜ் நூலைப் பாராட்டிவிட்டு, “தீர்வைக்கான அடையாளம்னா மத்த ஆறு கோடு மாதிரி நேரா இருந்திருக்கணும் சார். சாய்வா வெட்டினதுதான் இது வேற வகையான உரிமைன்னு காட்டுது” என்றாள். கைதட்டல்.

இருதயராஜ் எழுந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் ஆபத்து என்று எனக்குத் தெரிந்துவிட்டது. துடைத்தார்.

“டாக்டர் சுகந்தி நூல்ல இந்த அத்தியாயத்துக்கு ஒரே ஆதாரம் ஒரு தகவலாளர். எனக்கும் அதே தகவலாளர்தான்” என்றார். சபையில் சிரிப்பு. “அவர் எங்கிட்ட சொன்னது வேற. ஒலிப்பதிவு இருக்கு.”

செல்போனை மைக்கில் பிடித்தார். என் குரல், என் மைக்கில், என் ஸ்பீக்கரில் வந்தது. “தீர்வைதான், எங்க பாட்டையா சொல்லுவாரு.” பின்னால் மெஸ் தட்டுச் சத்தம்கூடக் கேட்டது.

“உங்ககிட்ட ஒலிப்பதிவு இருக்கா டாக்டர்?”

“இல்ல சார். நோட்டுல எழுதினது.”

“நீங்க எழுதினது.”

“ஆமா.”

“அவர் உங்க தாய்மாமா. இந்த உறவை நூல்ல எங்கேயும் நீங்க குறிப்பிடலை.” கண்ணாடியை மாட்டிக்கொண்டார். “நான் கடுமையாச் சொல்ல விரும்பலை. ஆனா நமக்குப் பிடிச்ச வரலாற்றை நாமே எழுதிட்டு, அதைத் தகவலாளர் வாயில வைக்கக்கூடாது.”

சுகந்தி என்னைப் பார்த்தாள். சொல்லுங்க மாமா என்கிற பார்வை.

“தகவலாளரே இங்கதான் இருக்காரு” என்று யாரோ சொன்னார்கள். “மைக் பக்கத்துல.”

ஆம்ப்ளிஃபயரை அணைத்துவிட்டேன். “கரண்ட் போச்சு!” என்று கத்தினேன்.

“ஃபேன் சுத்துதே அண்ணே” என்றார் இருதயராஜ்.

ஃபேனை யார் பார்க்கச் சொன்னது? சுகந்தி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த முகம் எங்கேயோ பார்த்த முகமாக இருந்தது. மந்தையில் கூட்டத்துக்குப் பின்னால், சிறுமியைக் கையில் பிடித்துக்கொண்டு, பட்டியல் முடியும்வரை நின்ற ஒருத்தியின் முகம்.

சுவிட்சைப் போட்டேன். மைக்கை எடுத்தேன்.

“புள்ள எழுதினது நான் சொன்னதுதான். ஒரு எழுத்துக்கூட அது சேக்கல. சார்கிட்டச் சொன்னதும் நான்தான். ரெண்டும் பொய். அந்தக் கோட்ட நான்தான் வெட்டுனேன். எண்பத்தாறு பங்குனித் திருழாவுல புளியமரத்துக்கிட்டப் பாட்டுக் குழாய் கட்டக் கம்பு நட்டோம். காத்துல கம்பு சாஞ்சிரும்னு கம்பிய இழுத்து அந்தக் கல்லுல கட்டுனேன். வழுக்குச்சு. வழுக்காம இருக்க ஒரு காடி வெட்டுனேன். கம்பு நின்ன பக்கம் சாஞ்சிருக்கு. அம்புட்டுதான்.”

அறுபத்து நான்கு வருஷத்தில் அலங்காரம் இல்லாமல் நான் பேசிய பேச்சு அது ஒன்றுதான். நம்ப வேண்டுமா இல்லையா? நம்பவில்லை! தலைமை தாங்கியவர் சொல்கிறார்: “தகவலாளர் பிற்காலத்தில் தருகிற மறுப்பை எந்த அளவுக்கு ஏற்பது என்பது முறையியல் சிக்கல்.” இன்னொருவர், குடும்ப அழுத்தம் இருக்கலாம் என்கிறார். இருதயராஜே, “அண்ணே, மருமகளுக்காகப் பழியை நீங்க ஏத்துக்க வேண்டாம்” என்று உருகுகிறார். சொன்ன பொய்க்கு நாற்பது பக்கம் கொடுத்தவர்கள், ஒரு உண்மைக்கு நான்கு வரி கொடுக்க மறுக்கிறார்கள். எனக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

அப்போது பின் வரிசையில் பஞ்சவர்ணம் எழுந்தாள். மைக் இல்லை. அவளுக்குத் தேவையும் இல்லை.

“நான் சாட்சி. உளியப் பிடிச்சது நானு, சுத்தியல் இவரு. ஒரு அடி என் விரல்ல விழுந்துச்சு. இந்தா, நகம் கோணலா முளைச்சிருக்கு. வேணும்னா இதையும் போட்டோ எடுத்துக்கங்க.”

ஒருவர் உண்மையிலேயே எடுத்தார்.

சுகந்தி மேடையை விட்டு இறங்கி வெளியே போனாள். என்னைத் தாண்டித்தான் போனாள்.

பிப்ரவரி 16, திங்கள்

சுகந்தி போன் எடுக்கவில்லை.

பிப்ரவரி 18, புதன்

பஸ்ஸில் ஒரு பெட்டி வந்தது. அறுபது புத்தகமும் ஒரு கட்டுச் சீட்டும். ‘பிழைதிருத்தம்: மடைக்கல்லின் ஏழாவது கோடு 1986இல் வெட்டப்பட்டது. இதை அடிப்படையாகக் கொண்ட அத்தியாயம் ஏற்கத்தக்கதன்று. ஆராயாமல் எழுதியது என் பிழை. – சுகந்தி.’ மேலே ஒரு துண்டுத்தாளில் அவள் கையெழுத்து: ‘ஒட்டவும்.’

இத்தனைக்கும் ஒரே வார்த்தை. மரியாதைக்கு ஒரு ‘மாமா’ போட்டால் மை தீர்ந்துவிடுமா?

என் பிழை என்று வேறு போட்டிருக்கிறாள். யார் பிழை என்று சபையில் சொன்னேனே!

பஞ்சவர்ணம் மைதாப் பசை காய்ச்சினாள். நூற்று எண்பத்தேழாம் பக்கத்தில் அடியில்தான் ஒட்ட இடம் இருந்தது. பகல் முழுக்க என் பெயர் மேல் நானே காகிதம் ஒட்டினேன். ஒரே ஒரு புத்தகத்தை மட்டும் ஒட்டாமல் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். சாயங்காலம் பார்த்தால் அதிலும் ஒட்டியிருக்கிறது. நானில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி

நேர்காணல். போன் பஞ்சவர்ணத்துக்குத்தான் வந்தது. ஸ்பீக்கரில் போடு என்று சாடை காட்டினேன். போட்டாள்.

“ஏழாவது கோட்டைப் பத்தி மட்டும்தான் கேட்டாங்க அத்தை. சீட்டைக் காட்டினேன். சொந்தக்காரர் சொன்னாருன்னு சோதிக்காம எழுதிட்டேன்னு சொன்னேன். சிரிச்சாங்க.”

“சிரிக்கட்டும்த்தா. கெடைக்குமா?”

“முடிவு மார்ச்சுலதான். கெடைக்கும்னு தோணல. ஒரு அம்மா மட்டும் சிரிக்கல. ‘அவர் தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம். வேற எது வேணும்னாலும் சொல்லியிருக்கலாம். எதுக்குக் குறிப்பா இந்தப் பொய்யைச் சொன்னார்?’னு கேட்டாங்க. எனக்குப் பதில் தெரியல அத்தை.”

கேள்வியைப் பார். வேலை கொடுக்க உட்கார்ந்தவர்களுக்குக் கேட்க வேறு கேள்வியா கிடைக்கவில்லை?

ஒயர் சுற்ற வேண்டும் என்று கொல்லைக்குப் போனேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

காலை பஸ்ஸில் வந்து இறங்கினாள். சாப்பிடவில்லை. மோர் கொடுத்தேன், தண்ணீர் போதும் என்றாள். பையிலிருந்து ஒரு கருவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். புதிதாக வாங்கியிருக்கிறாள். சிவப்பாக ஒரு பொட்டு எரிந்தது.

“மாமா, இந்தத் தடவை தெரியாததைத் தெரியாதுன்னு சொல்லணும்.”

“சரித்தா.”

“மடையில ஒத்தைக்காரி முறைன்னு ஒண்ணு இருந்துச்சா?”

“தெரியாது.” சொல்லிப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. கூரை இடியவில்லை.

“பழைய ஆறு கோட்டுல பொம்பளைங்க பங்கு ஏதாவது இருந்துச்சா?”

“தெரியாது.”

“தொண்ணூத்தேழு தை மாசம் முறைப் பட்டியல மைக்ல வாசிச்சது யாரு?”

பஞ்சவர்ணம் அடுப்படியை விட்டு வந்து நிலையில் சாய்ந்து நின்றாள்.

“நானு” என்றேன்.

“அதுல எங்க அம்மா பேரு இருந்துச்சா?”

“இல்ல.”

“அம்மா கூட்டத்துல நின்னாங்களா?”

“நின்னுச்சு. நீயும் நின்ன.”

“‘எங்க அக்கா பேரு ஏன் இல்ல?’ன்னு கேட்டீகளா மாமா?”

நாற்பது வருஷமாக மைக் பிடித்தவன். எந்தக் கருவி முன்னால் உட்கார்ந்தாலும் சொல் தானாக வந்து நிற்கும். காரணம் ஒன்பது இருக்கிறது. ஒவ்வொன்றும் கேட்க நன்றாக இருக்கும். பட்டியல், பெரியவர்கள், அந்தக் காலம், என் வயது. எல்லாம் தொண்டைவரை வந்தன. சிவப்புப் பொட்டு எரிந்துகொண்டே இருந்தது. அவளும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவசரப்படுத்தவில்லை. சாய்வாக வெட்டிய கோட்டைப் பார்ப்பதுபோல்.

“கேக்கல” என்றேன்.

நோட்டைத் திறந்தாள். எழுத ஆரம்பித்தாள். நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. இதற்கு எத்தனை பக்கம் எழுதப்போகிறாளோ.